எந்தக் கூட்டத்திலும் சேரக்கூடிய சிப்பாய்கள்

மேசையில் சிறு பொம்மைகளை நகர்த்தி, சில பேர் மட்டும் மோதிக்கொள்வதாக ஆடும் ஸ்கர்மிஷ் வகை ஆட்டங்களுக்குப் பெரிய படை தேவையில்லை. ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் ஒரு மந்திரவாதி, அவருடைய சீடர், அதிகபட்சம் 8 சிப்பாய்கள். கூட்டமே அவ்வளவுதான். புதிதாக ஆட வருகிறவர்கள் நேரத்தையெல்லாம் மந்திரவாதிக்கே கொடுத்துவிடுவார்கள். கையில் நெருப்பு, பறக்கும் அங்கி, தோளில் ஆந்தை. அதில் தப்பேதும் இல்லை. ஆனால் மேசையில் அதிகம் ஓடுவதும், அதிகம் சாவதும், ஆட்டத்துக்கு ஆட்டம் வேலை மாறிக்கொண்டே இருப்பதும் சிப்பாய்கள்தான். எனக்கு அவர்கள்மேல்தான் பிரியம் அதிகம். பல வருடங்களாக அவர்களை ஒட்டி, வண்ணம் பூசி, ஆடியதில் கைக்குப் பழகிப்போன சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

ஒரே சிப்பாய் பல வேலைக்கும் ஏன் பொருந்த வேண்டும்? ஆட்டத்தின் விதியிலேயே பதில் இருக்கிறது. ஃப்ராஸ்ட்கிரேவில் அனுபவப் புள்ளிகள் மந்திரவாதிக்குத்தான், சிப்பாய்க்குக் கிடையாது. ஆட்டத்தில் விழுந்த சிப்பாய்க்கு, ஆட்டம் முடிந்தபின் 20 பக்கப் பகடையை உருட்டுகிறோம். 1 முதல் 4 வரை வந்தால் ஆள் செத்தான். அவனுக்குப் பதிலாகக் காசு கொடுத்து வேறொருவனைச் சேர்க்கிறோம். ஆனால் பெட்டியிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் அதே பொம்மைதான், வேறு பெயரில். போன ஆட்டத்தில் அடியாள், இந்த ஆட்டத்தில் புதையல் வேட்டைக்காரன், நண்பர் நடத்தும் இன்னொரு ஆட்டத்தில் கோட்டை வாசல் காவலன். இப்படி மாறி மாறி நடிக்கிறவனுக்குத் தன் கதையை உடம்பெல்லாம் எழுதி வைத்திருந்தால் சரிப்படாது.

பல வேலைக்கும் பொருந்தும் சிப்பாய் என்றதும் பலருக்கும் காந்தம்தான் நினைவுக்கு வரும். தோளில் ஒரு காந்தம், கையில் ஒரு காந்தம், வேண்டும்போது வாளைக் கழற்றி வில்லை மாட்டலாம். தலைவன் போன்ற ஒரே ஆளுக்கு அது சரி. கூலிச் சிப்பாய்க்கு வேண்டாம் என்பது என் எண்ணம். 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மையின் மணிக்கட்டில் 2 மில்லிமீட்டர் காந்தம்கூட அடங்காது. தோளில் வைக்கலாம், ஆனால் ஆட்டத்தின் நடுவே கை சுழன்று தொங்கும். துருவங்களை மாற்றி ஒட்டிவிட்டால் கை ஒட்டவே ஒட்டாது. ஃப்ராஸ்ட்கிரேவுக்காக நார்த் ஸ்டார் என்ற நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டியில் 20 பேர் இருக்கிறார்கள். நமக்கு ஒரு நேரத்தில் தேவை 8 பேர். மீதிப் பேரை வேறு ஆயுதத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டால் காந்தத்துக்கு வேலையே இல்லை.

நான் பார்ப்பது வேறு. ஆயுதமும் கவசமும் இரண்டடி தூரத்திலிருந்து சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். மற்ற எதுவும் எதையும் அடித்துச் சொல்லக் கூடாது.

ஆயுதம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் எதிரில் ஆடுகிறவர்தான். 1999இல் வந்த மோர்ட்ஹைம் போன்ற ஆட்டங்களில் ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக ஆயுதம் வாங்கிக் கொடுப்போம். பொம்மையின் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் அவனிடம் இருக்கிறது என்பது ஆடுகிறவர்களுக்குள் இருக்கும் ஒரு மரியாதை. எதிரில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "இவன் யார், அவன் கையில் என்ன?" என்று கேட்க வேண்டியிருந்தால் ஆட்டத்தின் சூடே போய்விடும்.

நல்லவேளையாக, விதிப் புத்தகத்தில் சிப்பாய் வகைகள் எத்தனை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் கொஞ்சம்தான். ஃப்ராஸ்ட்கிரேவில் இன்ஃபன்ட்ரிமேன் என்றால் இரண்டு கையாலும் பிடிக்கும் ஆயுதமும் லேசான கவசமும். மேன்-அட்-ஆர்ம்ஸ் என்றால் ஒரு கை ஆயுதம், கேடயம், லேசான கவசம். அதே ஆள் கனமான கவசம் போட்டு இடுப்பில் ஒரு குறுவாளும் செருகிக்கொண்டால் நைட். இரண்டு கை ஆயுதத்தோடு கனமான கவசம் என்றால் டெம்ப்ளர். வில் பிடித்தவன் ஆர்ச்சர், குறுவாள் மட்டும் வைத்திருப்பவன் திருடன். ஆக, கேடயம் இருக்கிறதா, இரண்டு கை ஆயுதமா, எறியும் எய்யும் ஆயுதமா, இரும்புத் தகடா துணியா என்ற நான்கு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். வேறு ஆட்டத்துக்குப் போனாலும் இந்த நான்கு கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை.

எனவே ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொள்வேன். 20 பேரில் ஐந்தாறு பேருக்கு வாளும் கேடயமும், நான்கு பேருக்கு இரண்டு கைக் கோடரியோ பெரிய வாளோ, நான்கு பேருக்கு வில்லும் கிராஸ்போவும், மீதிப் பேருக்குக் கேடயம் இல்லாமல் ஒரு கை ஆயுதம். இந்தக் கடைசி வகையை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் எனக்கு அதிகம் உதவுவது அவர்கள்தான். அடியாள், திருடன், புதையல் வேட்டைக்காரன், வழிகாட்டி, ஊர்க்காரன் என்று எந்த வேடமும் அவர்களுக்குப் பொருந்தும்.

இனி ஒட்டும் வேலை. பெட்டியில் துண்டுகளெல்லாம் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்ந்தே வரும். அதிலிருந்து துண்டுகளை வெட்டும்போது உடம்போடு ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டி, பிறகு கத்தியால் சீவ வேண்டும். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டினால் போய்விடும். தலைக் கவசத்தின் உச்சியிலும் வாளின் விளிம்பிலும் அந்தக் கோட்டை விட்டுவிட்டால், பின்னால் ட்ரை பிரஷ் செய்யும்போது, அதாவது வண்ணத்தைத் துடைத்துவிட்ட பிரஷால் மேடுகளை மட்டும் தேய்க்கும்போது, அதுதான் முதலில் பளிச்சென்று வெளியே வரும்.

பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமெண்ட்தான். அது பசை இல்லை. இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் அது பிடிக்காது, அவற்றுக்கு சூப்பர் க்ளூ. பிளாஸ்டிக் சிமெண்டில் இன்னொரு வசதி, ஒட்டிய பிறகும் சில நிமிடங்கள் கையைத் திருப்பலாம். வில் வீரர்களுக்கு இது பெரிய வரம். வில்லைப் பிடித்த இடது கையும் நாணை இழுக்கும் வலது கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு கையை ஒட்டி, அது இறுகிய பிறகு மறு கையை ஒட்டினால் அம்பு வில்லைத் தாண்டி எங்கேயோ போகும். அதனால் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் ஒட்டி, சிமெண்ட் இளகி இருக்கும்போதே முன்னால் இருந்தும் மேலே இருந்தும் பார்த்து, அம்பும் வில்லின் நடுவும் சேருமாறு மெல்லத் திருப்புவேன். தலையைக் கடைசியில்தான் ஒட்டுவேன். பார்வை அம்பின் வழியே போனால்தான் அவன் எய்கிறான். தலை நேராக இருந்தால் வில்லைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கேடயக்காரனுக்கும் இதே கதைதான். கேடயம் பார்க்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் விலகித் தலை திரும்பியிருந்தால் உடனே உயிர் வந்துவிடும்.

கைகளை எவ்வளவு உயர்த்துவது என்பதையும் யோசிக்க வேண்டும். தலைக்கு மேல் வாளை ஓங்கி நிற்பவன் சண்டைக் காட்சியில் அருமையாக இருப்பான், காவல் நிற்கச் சொன்னால் கோமாளியாகத் தெரிவான். வாள் இடுப்பு உயரத்தில் முன்னால் நீண்டிருந்தால் பதுங்கி வருகிறான், காவல் காக்கிறான், மோதத் தயாராகிறான் என்று எதற்கும் சரியாக இருக்கும். 20 பேரில் இரண்டு மூன்று பேரை மட்டும் ஆவேசமாக வைப்பேன். ஈட்டியைச் செங்குத்தாகப் பிடிப்பதும் நல்லது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஈட்டி சுவரோடு ஒட்டி நிற்க விடாது, பெட்டியில் பக்கத்தில் இருப்பவனோடும் சிக்கிக்கொள்ளும்.

ஸ்ப்ரூவில் பைகள், சுருட்டிய போர்வை, கயிறு, அம்பறாத்தூணி என்று நிறைய சாமான்கள் வரும். அதில் மூட்டை முடிச்சுகளைத் தாராளமாக ஒட்டுங்கள். ஊர் விட்டு ஊர் போகும் எந்தக் கூலிச் சிப்பாய்க்கும் மூட்டை உண்டு. கொடி, கழுத்தில் தொங்கும் மதச் சின்னம், கேடயத்தில் குலமுத்திரை ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். கேடயத்தில் சிங்கம் வரைந்த நொடியிலிருந்து அவன் அந்தச் சிங்கக் குடும்பத்தின் ஆள், வேறு யாருக்கும் வேலை செய்ய மாட்டான். வெறும் மரப் பலகைக் கேடயம், அல்லது இரண்டு நிறம் பாதிப் பாதியாகப் பிரித்த கேடயம் போதும்.

தலைகளில் கஞ்சம் வேண்டாம். முக்காடு, தோல் தொப்பி, இரும்புத் தொப்பி, வெறும் தலை என்று கலந்து வையுங்கள். அதே வரிசையில் பெண் சிப்பாய்களின் பெட்டியும் உண்டு. கைகளையும் தலைகளையும் இரண்டு பெட்டிக்கும் நடுவே மாற்றிக்கொள்ளலாம், கூட்டமும் நிஜக் கூட்டமாகத் தெரியும். வேறு நிறுவனத் துண்டுகளைச் சேர்க்கும்போது அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 28 மில்லிமீட்டர் என்று எல்லாரும் போட்டிருந்தாலும் சிலர் தலையையும் கையையும் பெரிதாகச் செய்வார்கள், சிலர் நிஜ மனித விகிதத்தில் மெலிதாகச் செய்வார்கள். தலை மாறினால் கண் மன்னிக்கும், கை மாறினால் மன்னிக்காது.

வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ப்ரே என்றால் டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஓர் அடி தூரத்திலிருந்து, சின்னச் சின்ன வீச்சாக அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பிரஷால் பூசும் பிரைமரும் நல்லதுதான். நான் முதலில் கறுப்பு அடித்து, காய்ந்த பிறகு மேலிருந்து மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தை லேசாகத் தூவுவேன். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே ஒதுங்குகிறது என்று பொம்மையே சொல்லிவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். இங்கேதான் ஒரு சிப்பாய் பொதுவானவனா, ஒரே கூட்டத்துக்குச் சொந்தமானவனா என்பது முடிவாகிறது. எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை போட்டால் அது சீருடை. சீருடை என்றால் ஓர் அரசன் இருக்கிறான் என்று அர்த்தம். ஆளுக்கொரு பளபளப்பான நிறம் போட்டால் கூட்டம் சிதறிப்போகும். நான் கைக்கொள்வது இரண்டுக்கும் நடுவில். மங்கிய நிறங்களாக ஏழெட்டு எடுத்து வைத்துக்கொள்வேன்: மண் பழுப்பு, எலும்பு வெள்ளை, இலைச் சருகின் பச்சை, நீலம் கலந்த சாம்பல், துவைத்துத் துவைத்து வெளுத்த சிவப்பு, கடுகு மஞ்சள் போன்றவை. ஒருவனின் சட்டை நிறம் அடுத்தவனுக்குக் கால்சட்டை, அதற்கடுத்தவனுக்கு முக்காடு. எந்த இருவருக்கும் ஒரே உடை இல்லை, ஆனால் எல்லாரும் ஒரே சந்தையில் துணி வாங்கியவர்கள் மாதிரித் தெரிவார்கள். இந்த 20 பேரில் எந்த எட்டுப் பேரை எடுத்தாலும் ஒரு கூட்டமாக நிற்பார்கள்.

நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டைக் கவனியுங்கள். அடர்ந்த சட்டை என்றால் வெளிர் கைப்பட்டை, வெளிர் சட்டை என்றால் அடர்ந்த இடுப்புத் துணி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒரே அடர்த்தியில் இருந்தால், நிறம் வேறாக இருந்தாலும் தூரத்தில் ஒன்றாகக் கலங்கிவிடும். சந்தேகம் வந்தால் ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். ஆயுதத்தைப் பிடித்த கை பின்னால் இருக்கும் துணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

ஐந்தாறு பேராக எடுத்துப் பூசுவது வசதி. ஒவ்வொருவனையும் பாட்டில் மூடியில் ப்ளூ டாக் என்ற பிசுபிசுப்பான ஒட்டுமாவு வைத்து நிறுத்திவிட்டால் பொம்மையைத் தொடாமலே வேலை செய்யலாம். அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லியதாக இரண்டு தடவை பூச வேண்டும். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் மடிப்புகள் அடைந்துபோகும். பிரஷ் சின்னதாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம், முனை கூராக இருந்தால் போதும். நல்ல 1ஆம் எண் பிரஷ் சட்டையையும் பூசும், பொத்தானையும் பூசும். உலோக வண்ணத்துக்கு மட்டும் தனிப் பிரஷும் தனித் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் மினுமினுப்புத் துகள் மற்ற வண்ணத்தில் கலந்தால் முகத்தில்கூட மின்னும்.

தோல் பட்டைகளில் கொஞ்சம் நின்று வேலை செய்ய வேண்டும். இந்தச் சிப்பாய்களின் உடம்பில் பாதி தோல்தான்: இடுப்பு வார், தோள் வார், பை, காலணி, வாள் உறை. எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு அடித்தால் ஒரே கட்டியாகிவிடும். நான் மூன்று பழுப்பு வைத்திருப்பேன். காலணிக்குக் கறுப்பை ஒட்டிய பழுப்பு, வாருக்குச் சிவந்த பழுப்பு, பைக்கு மஞ்சள் கலந்த பழுப்பு. அடிநிறம் காய்ந்ததும் அடர் பழுப்பு வாஷை, அதாவது நீர்த்த வண்ணத்தை, எல்லாவற்றின் மேலும் விடுவேன். அது பள்ளங்களில் இறங்கும், மேடுகளில் தங்காது. அகலமான பரப்பில் குளமாகத் தேங்கினால் ஈரப் பிரஷ் முனையால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்தபின் ஓரத்தில் கறை கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு அடிநிறத்தில் சிறிது எலும்பு வெள்ளை கலந்து, பையின் மூடி விளிம்பிலும் வாரின் மேல் ஓரத்திலும் மெல்லிய கோடு இழுப்பேன். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கீறல்கள். தேய்ந்த தோல் அப்படியே வந்துவிடும். பல நாடு சுற்றியவன் என்று அந்தக் கீறல்கள் சொல்லும், எந்த நாட்டுக்காரன் என்று சொல்லாது.

முகத்துக்கு அளவான உழைப்பு போதும். கூலிப்படையில் பல ஊர்க்காரர்கள் சேர்வார்கள் என்பதால் தோல் நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பேன். கறுத்த தோல், மாநிறம், வெளிர் தோல் என்று அடிநிறத்திலேயே மூன்று நான்கு வகை. அதன்மேல் செம்பழுப்பு வாஷ், பிறகு மூக்கு நுனி, கன்ன மேடு, புருவ மேடு, தாடை ஆகியவற்றில் மட்டும் வெளிர் புள்ளி. சிப்பாய்க்கு நான் கண் வரைவதில்லை. குழியில் நிழல் இருந்தாலே பார்வை இருப்பதாகத் தெரியும். வெள்ளை விழி வைத்தால் பெரும்பாலும் திடுக்கிட்ட முகம்தான் வரும்.

ஆயுதத்துக்கு வெள்ளி அடித்து, கறுப்பு வாஷ் விட்டு, விளிம்பில் மறுபடியும் வெள்ளி. வாளும் கோடரி முகமும் உடம்பிலேயே அதிகம் பளிச்சிடுபவையாக இருக்கட்டும். முதலில் சொன்னேனே, ஆயுதம் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்று. கடைசி வெள்ளிக் கோட்டை இழுக்கும்போது நான் நினைப்பது அதைத்தான்.

பொம்மை நிற்கும் அடித்தட்டான பேஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஃப்ராஸ்ட்கிரேவ் உறைந்த நகரத்தில் நடக்கிற கதை. எல்லாரும் காலடியில் பனியைக் கொட்டுவார்கள், படத்தில் பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதே ஆளை அடுத்த வாரம் காட்டிலோ நிலவறையிலோ நிறுத்தினால் காலடியில் மட்டும் ஒரு துண்டுப் பனி அவனோடு நடந்து வரும். மந்திரவாதிக்குப் பனி வையுங்கள், சிப்பாய்க்கு வேண்டாம். 25 மில்லிமீட்டர் வட்டப் பேஸில் பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசை தடவி, சன்ன மணலும் இரண்டு மூன்று பொடிக் கற்களும் ஒட்டி, அடர் சாம்பல் பழுப்பு பூசி, வெளிர் சாம்பலில் ட்ரை பிரஷ் செய்துவிட்டால் போதும். பாழடைந்த நகரம், மலைப்பாதை, நிலவறை, பனிமேசை எல்லாவற்றுக்கும் அது ஒத்துப்போகும். புல் வைத்தே ஆக வேண்டும் என்றால் காய்ந்த நிறத்தில் ஒரே ஒரு கொத்து. பேஸின் ஓரத்துக்கு எல்லாருக்கும் ஒரே அடர் பழுப்பு. வேறு வேறு வருடங்களில் பூசியவர்களைக்கூட ஒன்றாகச் சேர்ப்பது அந்த ஓர நிறம்தான்.

ஒரே பெட்டி ஆட்களை இரண்டு பேரும் ஆடினால் யாருடைய ஆள் யார் என்று குழம்பும். அதற்காகச் சட்டை நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. பேஸின் பின்புற ஓரத்தில் கழற்றக்கூடிய வண்ண நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டால் அன்றைய ஆட்டத்துக்குப் போதும்.

கடைசியாக வார்னிஷ். கைபடும் பொம்மைகள் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. ஈரமான நாளில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷை ஸ்ப்ரே செய்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப்பட்ட நாளில் பிரஷால் பூசுவதே பாதுகாப்பு. எப்படியும் முதலில் ஒரு ஸ்ப்ரூத் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களிடம் போக வேண்டும். உலோகம் மங்கிவிட்டதாகத் தோன்றினால் வார்னிஷ் காய்ந்த பிறகு வாள் விளிம்பில் மட்டும் வெள்ளியை மறுபடி தொடலாம்.

மிச்சமாகும் கைகளையும் தலைகளையும் எறியாதீர்கள். கைகளை ஒரு டப்பாவிலும் தலைகளை ஒரு டப்பாவிலும் போட்டு, கூடவே ஓர் அட்டையில் நீங்கள் பூசிய ஏழெட்டு நிறங்களையும் வாஷ் பெயரையும் பேஸ் ஓர நிறத்தையும் எழுதி, அந்த நிறங்களையே சிறு பட்டைகளாக அட்டையில் தடவி வையுங்கள். வண்ணப் புட்டியின் பெயர் மாறும், சில நிறங்கள் கடையில் வராமலே போகும். பட்டை கையில் இருந்தால் வேறு நிறுவன வண்ணத்தில் கலந்தாவது அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம். விதிப் புத்தகத்தின் அடுத்த பதிப்பு புதிய வகை ஆட்களைக் கேட்டாலும், நண்பர் வேறு ஆட்டத்தைத் தொடங்கினாலும், ஓர் உடம்பும் இந்த டப்பாவும் இருந்தால் ஒரு வார இறுதியில் புது ஆள் தயார்.